ஆய்வுரை மேடையில் நம் பிள்ளைகள்



நம் வீடுகளில் ஒரு பிள்ளை முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்துவிட்டால், உறவினர்கள் முதலில் கேட்பது "எப்போது முடியும்?" என்பதே. அடுத்து, "முடித்தால் எங்கே வேலை கிடைக்கும்?" என்பார்கள். "நீ எதை ஆராய்கிறாய்?" என்று கேட்பவர் அரிது. அந்தப் படிப்புக் காலத்தில் பிள்ளை பலமுறை ஓர் அவையின் முன் எழுந்து நின்று, தான் கண்டதை எடுத்துரைத்து, வரும் கேள்விகளுக்கெல்லாம் விடை தர வேண்டியிருக்கிறது என்பதும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பட்டமளிப்பு விழாவின் நிழற்படத்தை மட்டும் வரவேற்பறையில் மாட்டி வைக்கிறோம். அந்தப் படத்திற்கு முன்னால் நடந்த ஆய்வுரைகளைப் பற்றி, குறிப்பாக இயற்பியலிலும் பயன்பாட்டுக் கணிதத்திலும் ஆராயும் நம் பிள்ளைகள் நிகழ்த்தும் உரைகளைப் பற்றி, நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

நாம் மதுரையில் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறோம். இயற்பியலில் நமக்குத் தேர்ச்சி இல்லை. ஆயினும், நம்மிடம் அலிஃப், பா ஓதத் தொடங்கிய பிள்ளைகளில் சிலர் இன்று கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு செய்கிறார்கள். உரை நிகழ்த்தும் நாளுக்கு முன்பு துஆ செய்யச் சொல்லி வருகிறார்கள். வந்தவர்களை உட்கார வைத்து, "எதைப் பற்றிப் பேசப் போகிறாய்? நமக்குப் புரியும்படி சொல்" என்று கேட்பது நம் வழக்கம். அவ்வாறு கேட்டுக் கேட்டுத்தான் இந்த உரைகளின் நடைமுறையை அறிந்துகொண்டோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, முனைவர் பட்ட ஆய்வு குறைந்தது 3 ஆண்டுகளும் மிகுதியாக 6 ஆண்டுகளும் நடைபெறலாம். ஆய்வு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தோன்றி, தம் பணி எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை எடுத்துரைக்க வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன்னர், ஆசிரியர்களும் ஏனைய ஆய்வு மாணவர்களும் வந்து கேட்கக்கூடிய அவையில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். ஆய்வேட்டை வெளித் தேர்வாளர்கள் படித்து ஒப்புதல் தந்த பின்னர், அவர்களில் ஒருவரேனும் கலந்துகொள்ளும் வாய்மொழித் தேர்வு நடைபெறும். பிள்ளைகள் "வைவா" என்று சொல்வது இதைத்தான். இவற்றைத் தவிர, கருத்தரங்குகளில் நிகழ்த்தும் உரைகளும் உண்டு.

ஒவ்வோர் உரைக்கும் இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் மாணவர் பேசுவார். திரையில் சமன்பாடுகளும் வரைபடங்களும் வரும். இரண்டாம் பகுதியில் அவையினர் கேட்பார்கள். பிள்ளைகள் வாரக் கணக்கில் ஆயத்தம் செய்வது முதற்பகுதிக்கு; அவர்களின் உறக்கத்தைக் கெடுப்பது இரண்டாம் பகுதி. ஓர் ஆய்வு உரமேறுவதும் அந்த இரண்டாம் பகுதியில்தான் என்பதை நாம் நேரில் கண்டோம்.

நம்மிடம் ஓதிய ஒரு மாணவி பயன்பாட்டுக் கணிதத்தில் ஆய்வு செய்கிறார். அவருடைய அத்தா பழ மண்டி வியாபாரி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் இவர்தான். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய உரைக்கு அத்தாவை அழைத்துச் செல்ல விரும்பினார். "தனியாக உட்கார அத்தாவுக்குக் கூச்சமாக இருக்கும். நீங்களும் வாருங்கள் ஹஜ்ரத்" என்று வேண்டினார். துறைத் தலைவரிடம் அனுமதி பெற்று, கடைசி வரிசையில் இருவரும் அமர்ந்தோம்.

அவருடைய பொருள் டெங்குக் காய்ச்சலின் பரவல். கணிதத்திற்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். அந்தத் தொடர்பு நூறாண்டுக்கு மேற்பட்டது. அதன் வேர் நம் நாட்டிலும் ஓடுகிறது. ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் செகந்திராபாத்தில் இருந்தபோது, மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டறிந்தார். பின்னர் அவரே நோய்ப் பரவலைக் கணக்கில் எழுதிப் பார்த்தார். அந்தக் கணக்கிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைத்தது: மலேரியாவை ஒழிக்க ஒரு கொசுவும் மிச்சமில்லாமல் கொல்ல வேண்டியதில்லை, கொசுக்களின் எண்ணிக்கையை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் தானே தேய்ந்துவிடும்.

அவருக்குப் பின், இந்திய மருத்துவப் பணியில் இருந்த மெக்கென்ட்ரிக் என்பவர், கெர்மாக் என்பவருடன் சேர்ந்து 1927இல் ஒரு கட்டுரையை வெளியிட்டார். ஓர் ஊரின் மக்களை அவர்கள் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள்: இன்னும் நோய் தொற்றாதவர், நோயுற்றவர், நோயிலிருந்து நீங்கியவர். ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு நாள்தோறும் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். அந்தக் கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905–06இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயின் மரண எண்ணிக்கையை. 2020இல் கொரோனாவின் போது தொலைக்காட்சியில் நாம் கேட்ட ‘ஆர்’ மதிப்பு, இந்தக் கணக்குமுறையில் முதன்மையான இடம் பெறும் எண். ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்கு நோய் தொற்றுகிறது என்பதை அது சொல்லும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பெருகும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் அடங்கும்.

நம் மாணவி செய்தது அதன் தொடர்ச்சி. டெங்கு நோயாளியைக் கடித்த கொசு, உடனே அடுத்தவருக்கு நோயைத் தருவதில்லை. அதன் உடலுக்குள் கிருமி பெருகி, கடிப்பவருக்குத் தொற்றும் நிலையை எட்ட 8 முதல் 12 நாட்கள் வரை ஆகும். அந்த இடைவெளியையும் சமன்பாட்டுக்குள் சேர்த்தால் விடை எப்படி மாறுகிறது என்பதே அவருடைய ஆய்வு. வெள்ளைப் பலகையில் அவர் ஒரு வளைகோட்டை வரைந்து, "இந்தத் தாமதத்தின் காரணமாக, நோய் குறைந்துவிட்டது என்று நாம் எண்ணும் நாளிலும் அடுத்த அலை கொசுக்களுக்குள் ஆயத்தமாகிக்கொண்டிருக்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அருகில் இருந்த ஓர் ஆய்வு மாணவர் அதனைத் தமிழில் நம் காதில் சொன்னார். அத்தாவின் முகம் மலர்ந்தது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவர்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் டெங்கு வந்திருந்தது.

பிறகு கேள்வி நேரம் தொடங்கியது. குழுவில் இருந்த முதிய பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "ஊர் முழுவதும் கொசுக்கள் சமமாகப் பரவியிருப்பதாகவும், எல்லோரையும் ஒரே அளவு கடிப்பதாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத தெருவில் வீட்டுக்கு வீடு டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். அந்தக் கொசு வளர்வது அந்த நல்ல தண்ணீரில்தான். அப்படிப்பட்ட தெருவுக்கும் உங்கள் முடிவு பொருந்துமா?"

மாணவி சற்று நேரம் பேசவில்லை. அறையில் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது. பிறகு சொன்னார்: "கணக்கு எளிதாக வேண்டும் என்பதற்காகச் சமமாகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொண்டேன் ஐயா. அந்தத் தெருவுக்கு என் எல்லை மாறக்கூடும். எவ்வளவு மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. மக்களை இரண்டு பிரிவாக்கி மீண்டும் கணக்கிட்டால்தான் சொல்ல முடியும்."

பேராசிரியர் தலையசைத்தார். அதைச் செய்து சேர்த்த பிறகு ஆய்வேட்டை ஒப்படைக்கலாம் என்று குழு முடிவு செய்தது. அதற்கு ஐந்தாறு மாதங்கள் ஆகும் என்றார்கள்.

வெளியே வந்ததும் அத்தாவின் முகத்தில் மலர்ச்சி இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது குரல் தழுதழுக்கச் சொன்னார்: "என்ன ஹஜ்ரத், புள்ளைய நிக்க வச்சு இப்படிக் கேக்குறாங்க? அது தெரியலைன்னு சொல்ற மாதிரி ஆயிருச்சே. நாலு பேர் முன்னால தலைகுனிஞ்சு போச்சு."

அவருடைய வருத்தத்திற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், "படிப்பு முடிந்துவிட்டதா? ரமளானுக்கு முன்னால் நிக்காஹ் வைக்கலாமா?" என்று கேட்டிருந்தார்கள். "இந்தக் கூட்டத்தோடு முடிந்துவிடும்" என்று இவரும் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு கேள்வி அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. "இதோட போதும்னு நிப்பாட்டிரலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். ஐந்து ஆண்டு உழைப்பு அந்தப் பேருந்து நிறுத்தத்தில் ஊசலாடியது.

நாம் அவரிடம் கேட்டோம்: "உங்கள் மண்டியில் ஒருவர் பழம் வாங்கிவிட்டு, எடையில் ஐயம் இருக்கிறது என்றால் என்ன செய்வீர்கள்?"

"மறுபடி போட்டுக் காட்டுவேன். அதுக்கென்ன?"

"அதை அவமானமாக நினைப்பீர்களா?"

"காட்ட மாட்டேன்னு சொன்னாத்தானே ஹஜ்ரத் அவமானம்."

"அந்த அறையில் கேட்டதும் அதுதான் பாய். உங்கள் மகள் தராசை மறைக்கவில்லை. எவ்வளவு வரை எடை போட்டிருக்கிறேன், எதை இன்னும் போடவில்லை என்று சொல்லிவிட்டார்."

அவர் பதில் சொல்லவில்லை. பேருந்தில் ஏறிய பின்னும் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்விக்குப் பணிவதும் கேள்வியைத் தாங்குவதும் அறிவுலகின் பழைய வழக்கங்கள். தமிழ் மண்ணில் இருந்தே அதற்குச் சான்று சொல்லலாம். சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1929 ஜனவரியில் சென்னையில் இந்திய அறிவியல் மாநாடு கூடியபோது அவருக்கு வயது 18. அந்த மாநாட்டில் தம் ஆய்வுக் கட்டுரையை முன்வைத்தார். அடுத்த ஆண்டு மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து செல்லும் வழியிலேயே, எரிபொருள் தீர்ந்த விண்மீன்களின் முடிவைப் பற்றிய கணக்கொன்றைத் தொடங்கினார். நம் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடையது ‘வெள்ளைக் குள்ளன்’ என்னும் அமைதியான இறுதி நிலையில் நிலைத்திருக்க இயலாது என்பதே அந்தக் கணக்கு காட்டிய விடை.

1935 ஜனவரி 11ஆம் நாள், லண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் அந்த ஆய்வை அவர் எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 24. அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்து வானியலாளர்களில் பெரும் புகழ் பெற்றவர். அதற்கு முந்தைய மாதங்களில் அவர் சந்திரசேகரைப் பலமுறை சந்தித்து, அவருடைய கணக்கைப் பற்றி விசாரித்து வந்தவர். தம் மறுப்பை அப்போதெல்லாம் வெளிப்படுத்தவில்லை. அன்று அவைக்கு முன்னால் அந்த முடிவு பொருளற்றது என்று எள்ளினார். அவை சிரித்தது. இளைஞர் மனமுடைந்து திரும்பினார்.

சந்திரசேகரின் கணக்கே சரி என்பதைப் பின்வந்த காலம் மெய்ப்பித்தது. 1983இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உள்ளத்தைத் தொட்டது அதற்கு முந்தைய ஆண்டு நடந்த செய்தி. எடிங்டனின் நூற்றாண்டை முன்னிட்டு 1982இல் கேம்பிரிட்ஜில் நினைவுச் சொற்பொழிவுகள் நடந்தன. அவற்றை நிகழ்த்தியவர் அதே சந்திரசேகர். தம்மை அவையில் சிறுமைப்படுத்திய மனிதரை, அவர் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளர் என்று போற்றினார். அவருடைய பிழையையும் மறைக்காமல் சொன்னார்.

இந்த வரலாறு கேள்வி கேட்பவருக்கும் ஒரு பாடம். நம் மாணவியிடம் கேட்ட பேராசிரியரும் கடினமாகத்தான் கேட்டார். ஆனால் அவருடைய கேள்வி, அந்தப் பெண் அடுத்துச் செய்ய வேண்டிய வேலையைக் கையில் கொடுத்தது. எடிங்டனின் பேச்சு அவையின் சிரிப்பை மட்டுமே பெற்றுத் தந்தது. கேள்வி கேட்கும் இடத்தில் அமர்பவர், தாம் இந்த இருவரில் எவரைப் பின்பற்றுகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி, வீடுகளுக்காகவே சொல்லத் தக்கது. அல்லாடி ராமகிருஷ்ணன் என்னும் இயற்பியலாளர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் உள்ள உயராய்வு நிறுவனத்தில் 1957–58இல் தங்கியிருந்தார். அங்கே நாள்தோறும் நடந்த ஆய்வுரைகள் அவரைக் கவர்ந்தன. சென்னை திரும்பியதும், அதேபோன்ற ஆய்வரங்கைத் தம் மாணவர்களுக்காகத் தொடங்கினார். அது கூடிய இடம் அவருடைய இல்லமான ஏகாம்ர நிவாஸ். அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அவருடைய தந்தை அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் வாழ்ந்த வீடு அது. உலகில் புதிதாக வெளிவந்த ஆய்வுகளை மாணவர்கள் படித்து வந்து, ஒருவருக்கொருவர் உரை நிகழ்த்தினார்கள். 1960இல் இந்தியா வந்த நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கும் வந்து மாணவர்களைக் கண்டு பாராட்டினார். அப்பாராட்டு பிரதமர் நேருவின் செவிக்கும் எட்டியது. அன்றைய மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவும் சேர, 1962 ஜனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று தரமணியில் உள்ள நிறுவனம் அதுவே. ஒரு வீட்டு முன்னறையில் மாணவர்கள் பேசியதும் கேட்டதும் ஒரு நிறுவனத்திற்கு அடித்தளம் இட்டன.

நம் மதரஸா மரபுக்கும் இது அயலானது அன்று. கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அவையில் மாணவர்கள் ஆசிரியரின் கருத்தை மறுத்துப் பேசினார்கள். இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோர் தம் ஆசிரியரிடம் மாறுபட்ட இடங்கள் ஃபிக்ஹு நூல்களில் இன்றும் பதிவாகியுள்ளன. அவற்றை நாம் பாடமாகவே நடத்துகிறோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது, அவற்றில் 32க்குத் தமக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என்று அறிவிப்புகளில் வருகிறது. அதனால் அவர்களின் மதிப்புக் குறையவில்லை. அவர்கள் தெரியும் என்று சொன்னவற்றின் மீது மக்களுக்கு நம்பிக்கை கூடியது.

வாதம் செய்வதற்கென்றே ‘ஆதாபுல் பஹ்ஸ்’ என்னும் கலை நம்மிடம் உண்டு. ஒரு கருத்தை நிலைநாட்ட வருபவரின் கடமை என்ன, கேட்பவரின் உரிமை என்ன, எந்த இடத்தில் ஆதாரம் கேட்கலாம், எப்போது வாதத்தை நிறுத்த வேண்டும் என்பவற்றை அது வரையறுக்கும். இருவருடைய நோக்கமும் உண்மை வெளிப்படுவதாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதைத் தனி நூலாக எழுதியவர்களில் முன்னோடி, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஷம்ஸுத்தீன் ஸமர்கந்தீ. அவர் ஒரு கணித அறிஞரும்கூட. யூக்ளிடின் வடிவியல் தேற்றங்களில் 35ஐ எடுத்துக்கொண்டு விளக்கிய நூலும் அவருடையது. கேள்வி கேட்கும் ஒழுக்கத்தையும் வடிவியலையும் ஒரே மனிதர் எழுதியிருக்கிறார் என்பதை நம் மாணவியிடம் சொன்னபோது, அவர் அந்தப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த மாணவியின் செய்தியை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். அத்தா படிப்பை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரில் சென்று, இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று உள்ளதைச் சொன்னார். அவர்கள் காத்திருக்க விரும்பவில்லை. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. வீட்டில் சில வாரங்கள் எவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. "எல்லாம் நான் அன்னைக்குச் சொன்ன ஒரு பதிலால்தானே ஹஜ்ரத்?" என்று அந்தப் பெண் நம்மிடம் கேட்டார். அன்று தெரியும் என்று சொல்லிச் சமாளித்திருந்தால் ரமளானுக்கு முன் நிக்காஹ் நடந்திருக்கலாம் என்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. "நீ சொன்னது உண்மை. அதற்குரிய நன்மை அல்லாஹ்விடம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னோம்.

அவர் மக்களை இரண்டு பிரிவாக்கி மீண்டும் கணக்கிட்டார். டிரம்கள் நிறைந்த தெருக்களையும் ஏனைய தெருக்களையும் வேறுவேறாக எடுத்துக்கொண்டபோது, ஊர் முழுவதற்கும் உரிய அந்த எண் முன்பு கண்டதைவிடக் கூடுதலாக வந்தது. சராசரியை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால், நோய் அடங்கிவிடும் என்று தவறாக நம்ப நேரும் என்பது அதன் பொருள். தண்ணீர் பிடித்து வைக்கும் தெருக்களுக்கு முதலில் கவனம் வேண்டும் என்பதையும் அந்தக் கணக்குக் காட்டியது. அந்தக் கேள்வியால் சேர்ந்த அத்தியாயம், இப்போது அவருடைய ஆய்வேட்டிலேயே நீளமானது. ஆய்வேடு தேர்வாளர்களிடம் சென்றிருக்கிறது. வாய்மொழித் தேர்வின் நாளை எதிர்பார்த்திருக்கிறார். இம்முறை அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் குடும்பம் முன்பே அறிந்திருந்தால் உதவியிருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. திருமணம் ஆனால் ஆய்வு முடிந்துபோகும் என்று பலர் எண்ணுகிறார்கள். மேலே சொன்ன 2022 விதிமுறைகள் பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு ஆகியவற்றிற்காக ஆய்வுக் காலத்தில் 240 நாட்கள் வரை விடுப்பு அளிக்கின்றன. உச்ச வரம்பைத் தாண்டியும் பெண்களுக்கு 2 ஆண்டுகள் கூடுதல் தளர்வு உண்டு. ஆகவே நிக்காஹையும் ஆய்வையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்த வேண்டியதில்லை. சம்பந்தம் பேசும்போதே இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது இரு வீட்டாருக்கும் நலம்.

பெற்றோர் செய்யக்கூடிய எளிய உதவிகள் சிலவற்றையும் சொல்கிறோம். உரைக்கு முந்தைய வாரத்தில் விருந்து, விசேஷம் என்று பிள்ளையை அலைக்கழிக்காதீர்கள். ஒரு மாலை அவர்களை உட்கார வைத்து, அந்த உரையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கணிதம் தெரியாத உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் விளங்கும்படி சொல்ல முயலும்போது, தமக்கே தெளிவாகாத இடம் எது என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். புரியாத இடத்தில் "இது ஏன்?" என்று கேளுங்கள். உங்கள் கேள்வி எளியதாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உரை முடிந்து வரும் பிள்ளையிடம், "எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டாயா?" என்று கேட்பதைவிட, "என்ன கேட்டார்கள்?" என்று கேட்பது நல்லது. பேச்சுத் திணறும் பிள்ளைக்கு, மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் செல்லும் முன் தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டிக் கேட்ட துஆவை நினைவூட்டுங்கள். அவர்கள் தம் சகோதரரையும் துணைக்குக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துணை வேண்டுவது பலவீனமாகாது.

சில மாதங்களாக நம் மதரஸாவில் சனிக்கிழமை இஷாவுக்குப் பின் ஒரு சிறிய ஏற்பாடு நடக்கிறது. மேற்படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகள், தாம் படிப்பதைப் பதினைந்து நிமிடம் தமிழில் சொல்வார்கள். மதரஸாப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். மாணவர்களுக்குப் பயான் பயிற்சி அளிப்பது நம் பழைய வழக்கம்தான். பேச்சுக்குப் பின் கேள்வி என்பது மட்டுமே புதிது.

சென்ற முறை பேசியவர் இயற்பியல் மாணவர். வானிலிருந்து நம் மீது இடைவிடாது பொழியும் மியூவான் என்னும் நுண்துகள்களைப் பற்றிச் சொன்னார். அவற்றைக் கவனிப்பதற்காக நம் மதுரையிலேயே 85 டன் எடையுள்ள மினி-ஐகால் என்னும் கருவி அமைக்கப்பட்டிருப்பது, கேட்டவர்களில் பலருக்குப் புதிய செய்தி. கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது என்று அவர் சொன்னதும், முன்வரிசைப் பிள்ளைகள் அனைவரும் தத்தம் விரலைப் பார்த்தார்கள். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "அது நம்ம உடம்புக்குள்ள போயி எங்க நிக்கும் அண்ணே?"

"பெரும்பாலும் நிற்காது. நம்மைக் கடந்து தரைக்குள் போய்விடும்" என்றார் மாணவர்.

"தரைக்குள்ள எவ்வளவு தூரம்?"

மாணவர் யோசித்தார். "அது அதனுடைய வேகத்தைப் பொறுத்தது. சரியான அளவு இப்போது நினைவில்லை. அடுத்த சனிக்கிழமை பார்த்து வந்து சொல்கிறேன்" என்றார்.

சிறுவன் சரி என்று உட்கார்ந்தான். அவையில் எவரும் சிரிக்கவில்லை. இத்தகைய அவைகள் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் அமைய அல்லாஹ் அருள் புரிவானாக.